பொய்த் தளம் அம்பலமான மறுநாள்

2011 ஜூலை கடைசியில் அப்டிக்வான்ட் என்றொரு 'உளவியல் ஆலோசனை நிறுவனம்' ஆய்வறிக்கை ஒன்றை வெளியிட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இணையம் வழியாக ஐக்யூ தேர்வு வைத்தார்களாம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 என்ற பழைய பிரவுசரைப் பயன்படுத்துபவர்களின் சராசரி 80ஐக் கொஞ்சம்தான் தாண்டியது, ஓபரா பிரவுசர் பயன்படுத்துபவர்களுடையது 120க்கும் மேலே போனது என்றது அறிக்கை. பிபிசி, சிஎன்என் போன்ற பெரிய இடங்களே அதை எடுத்துப் போட்டன. எக்ஸ்ப்ளோரர் அபிமானிகள் வழக்குப் போடப் போவதாக மிரட்டுகிறார்கள் என்று அதே நிறுவனம் இன்னொரு அறிக்கை விட, அதுவும் செய்தியானது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் குட்டு உடைந்தது. தளத்தில் இருந்த ஊழியர்களின் படங்கள் பாரிஸில் இயங்கும் சென்ட்ரல் டெஸ்ட் என்ற உண்மையான நிறுவனத்தின் தளத்திலிருந்து அப்படியே எடுத்தவை என்று பிபிசிக்கு வாசகர்களே சுட்டிக்காட்டினார்கள்.

பின்னால் இருந்தவர் கனடாவின் வான்கூவரில் விலை ஒப்பீட்டுத் தளம் ஒன்றை நடத்திய வெப் டெவலப்பர். பழைய எக்ஸ்ப்ளோரருக்காகத் தனியாக கோடு எழுதி எழுதி வெறுத்துப்போனதால் செய்தேன் என்றார். மாட்டிக்கொண்ட பிறகு, எதையெல்லாம் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம் என்று அவரே ஒரு பட்டியலும் போட்டார். தளத்தின் முகவரியான டொமைன் பதிவானது ஜூலை 14, அதாவது அறிக்கை வருவதற்கு இரண்டே வாரம் முன்பு. அறிக்கை குறிப்பிட்ட வெக்ஸ்லர் ஐக்யூ தேர்வு காப்புரிமை உள்ளது, அதை இணையத்தில் நடத்தவே முடியாது. கொடுத்திருந்த முகவரியில் அப்படியொரு இடமே இல்லை. தொலைபேசி எண்ணைத் தேடினால் அவருடைய மற்ற தளங்கள் வந்து நிற்கும். பட்டியலின் கடைசியில் இன்னொன்றும் இருந்தது: தளத்தின் அடிப்பகுதியில், ஃபூட்டரில், அவருடைய விலை ஒப்பீட்டுத் தளத்துக்கு ஒரு லிங்க்.

அந்த ஃபூட்டர் லிங்க்தான் இந்த வித்தையின் வியாபார முனை.

1998ல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்துக்கு வெளியிலிருந்து வரும் லிங்குகளை வாக்குகள்போல எண்ணியது. கனமான பக்கத்திலிருந்து வரும் வாக்குக்குக் கனமும் அதிகம். கூகுள் இன்று வேறு எத்தனையோ விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறது என்றாலும் லிங்குக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், எந்தத் தொழிலில் தேடலில் மேலே வந்தால் பணம் கொட்டுமோ அந்தத் தொழிலுக்கு யாரும் தானாக லிங்க் கொடுப்பதில்லை. கடன், காப்பீடு, கிரெடிட் கார்டு, விலை ஒப்பீடு... இதற்கெல்லாம் யார் மெனக்கெட்டு லிங்க் போடுவார்கள்? அதனால் பக்கத்திலேயே சிரிப்பாகவோ, அதிர்ச்சியாகவோ, கோபத்தைக் கிளறும்படியோ ஒரு கடையைப் போட்டு, அங்கே சேரும் லிங்கை இங்கே திருப்பிவிடுகிறார்கள். தொழிலில் இருப்பவர்கள் இதை லிங்க் பெய்ட் என்பார்கள். தூண்டில் என்று நாம் சொல்லலாம்.

இதில் அதிகம் பேசப்பட்ட உதாரணம் 2008 மே மாதம் நடந்தது. பிரிட்டனின் மணி.கோ.யூகே என்ற நிதி ஒப்பீட்டுத் தளத்தில் ஒரு 'செய்தி' வந்தது. அமெரிக்காவில் 13 வயதுப் பையன் அப்பாவின் கிரெடிட் கார்டை எடுத்து 30,000 டாலர் செலவழித்தான், விலைமாதர்களை விடுதிக்கு வரவழைத்து அவர்களோடு உட்கார்ந்து வீடியோ கேம் ஆடினான் என்று கதை போனது. முழுக் கற்பனை. தளத்துக்காக அதை எழுதியவர் ஒரு லிங்க் பெய்ட் நிபுணர். ஃபாக்ஸ் நியூஸ் வரை கதை போனது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட லிங்குகள் சேர்ந்தன. எழுதியவரே இதைச் சாதனையாக வெளியில் சொன்னதும்தான் சண்டை தொடங்கியது. கூகுளின் ஸ்பேம் தடுப்புப் பிரிவுக்குத் தலைமை வகித்த மேட் கட்ஸ், வழிகாட்டியில் பெயர் சொல்லிப் பட்டியலிடாத ஏமாற்று வேலைகளின் மீதும் நடவடிக்கை எடுக்க எங்களுக்கு இடமுண்டு என்ற பொருளில் பதில் சொன்னார். தேடலில் தளங்களை மேலே கொண்டுவரும் எஸ்இஓ தொழிலுலகம் இரண்டாகப் பிரிந்து மாதக்கணக்கில் அடித்துக்கொண்டது.

அந்தச் சண்டையில் பாதி வீண். நாணயமா இல்லையா என்பதிலேயே பேச்சு நின்றுவிட்டது. தொழில்முறையில் கேட்க வேண்டியது வேறு: பொய் என்று தெரிந்த மறுநாள் அந்த லிங்குகளில் எத்தனை மிஞ்சும்?

நம்பினால்தான் வேலை செய்யும் பொய்க்கு மறுநாள் என்று ஒன்று கிடையாது. செய்தித்தளம் கட்டுரையைத் தூக்கிவிடும், அல்லது மேலே திருத்தம் போட்டு லிங்கை வெட்டிவிடும். பிறகு வரும் கட்டுரைகள் எல்லாம் 'ஏமாந்த கதை'யாக இருக்கும். அவை மூலத் தளத்துக்கு லிங்க் தராது, முதலில் அம்பலப்படுத்திய செய்திக்கே தரும். லாபம் ஏமாற்றியவனைத் தாண்டி அம்பலப்படுத்தியவனிடம் போய்ச் சேர்கிறது.

நம்பினாலும் நம்பாவிட்டாலும் ரசிக்கும்படியான கேலித் தளத்தின் கணக்கு நேர் எதிர். வடமேற்குப் பசிபிக் மர ஆக்டோபஸ் தளத்தையே எடுத்துக்கொள்வோம். 1998ல் லைல் சபாட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் தொடங்கியது. வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்ப மழைக்காட்டில் மரத்துக்கு மரம் தாவும் ஆக்டோபஸ் அழிந்துவருகிறது, காப்பாற்றுங்கள் என்கிறது அது. ஆக்டோபஸ் பாக்ஸார்போலிஸ் என்று லத்தீன் பெயர் உண்டு. வாழிடம், இனப்பெருக்கம், ஆபத்துகள், 'நீங்கள் என்ன செய்யலாம்' என்று உண்மையான பாதுகாப்புத் தளத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. எதிரிப் பட்டியலைப் படித்தால் அங்கே சாஸ்குவாட்ச், அதாவது அமெரிக்கக் கட்டுக்கதையின் குரங்கு மனிதன், உட்கார்ந்திருப்பான். முதல் பார்வைக்கு நிஜம், இரண்டாம் பார்வைக்குச் சிரிப்பு.

அந்த 'நீங்கள் என்ன செய்யலாம்' பகுதியைத் தொழில்காரர்கள் கவனிக்க வேண்டும். விழிப்புணர்வு ரிப்பன்களைக் கிண்டலடிக்கும் வகையில் ஆக்டோபஸ் கை வடிவில் ஒரு ரிப்பன் படம் இருக்கும். அதை உங்கள் தளத்தில் போட்டு இங்கே லிங்க் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். லிங்க் கேட்பதே நகைச்சுவையின் ஒரு பகுதியாகிவிட்டது. இதைவிட நேர்த்தியான லிங்க் கோரிக்கை அபூர்வம்.

கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006 வாக்கில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் 25 பேருக்கு இந்தத் தளத்தைக் காட்டினார்கள். நன்றாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள்தான். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் நம்பகமான தளம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று முதல் இணையத் தகவலைச் சரிபார்ப்பது பற்றிப் பாடம் எடுக்கும் பள்ளிகளும் நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் அந்தத் தளத்துக்கு லிங்க் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. கல்வி நிறுவனத் தளத்திலிருந்து ஒரு லிங்க் வாங்க எஸ்இஓ நிறுவனங்கள் எவ்வளவு அலைகின்றன என்று தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும். பொய் என்று எல்லோருக்கும் தெரிந்ததால்தான் அந்த லிங்க் வருகிறது.

டைஹைட்ரஜன் மோனாக்சைடு கதையும் இப்படித்தான். தண்ணீருக்கு வேதியியல் முறையில் பெயர் வைத்து, அமில மழையின் முக்கியக் கூறு, சுவாசித்தால் மரணம் என்று பயமுறுத்துவது. கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழக வளாகத்தில் 1990ல் துண்டறிக்கையாகப் பரவி, பிறகு இணையத்துக்கு வந்தது. 1997ல் ஐடஹோ மாநிலத்தில் 14 வயது மாணவன் அறிவியல் கண்காட்சிக்காக 50 சக மாணவர்களிடம் கேட்டபோது 43 பேர் தடைசெய்ய வேண்டும் என்றார்கள். 2004ல் கலிஃபோர்னியாவின் அலிசோ வியேஹோ நகராட்சி, ஃபோம் டம்ளர் தயாரிப்பில் இந்த 'ஆபத்தான ரசாயனம்' பயன்படுகிறது என்று நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, கடைசி நேரத்தில் விஷயம் தெரிந்து வாபஸ் வாங்கியது. ஒவ்வொரு முறை யாராவது ஏமாறும்போதும் புதிய செய்தி, புதிய லிங்க். தளத்தில் சொல்லியிருக்கும் தகவல் ஒன்றுகூடப் பொய்யில்லை என்பதுதான் இதன் கெட்டிக்காரத்தனம். அதனால் திருத்தம் கேட்க யாருக்கும் வழியில்லை.

இனி, லிங்க் வந்தாலும் எங்கே ஒழுகிப்போகிறது என்பதைப் பார்க்கலாம். முதல் ஓட்டை பிடிஎஃப். ஆய்வறிக்கையை பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் செய்தியாளர் அதை இறக்கித் தன் சர்வரில் ஏற்றிவிடுவார், லிங்க் அங்கேயே போய்விடும். அறிக்கை முழுவதையும் சாதாரண வலைப்பக்கமாகப் போட்டு, பிடிஎஃப் கோப்புக்கு சர்வர் ஹெடரில் கனானிக்கல் குறிப்பு கொடுத்து அந்தப் பக்கத்தையே மூலமாகக் காட்டுவது சரியான வழி. பிடிஎஃப் விஷயத்தில் கூகுள் இந்தக் குறிப்பை ஏற்கிறது.

இரண்டாவது ஓட்டை, செய்தி செய்திக்கே லிங்க் கொடுப்பது. முதல் பத்திரிகை மூலத்துக்கு லிங்க் தரும், அடுத்த ஐம்பது தளங்கள் முதல் பத்திரிகைக்குத் தரும். இதை உடைக்க, செய்தியில் ஒட்டி எடுக்க முடியாத ஏதாவது மூலத் தளத்தில் இருக்க வேண்டும்: ஒரு வினாடி வினா, முழு அட்டவணை, வாசகர் தானே ஏதாவது தயாரிக்கும் கருவி. 2012ல் சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸும், பெரிய நிறுவனங்கள்போல நடித்துக் கேலி செய்யும் எஸ் மென் (Yes Men) குழுவும் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் பெயரில் ஆர்க்டிக் ரெடி என்ற கேலித் தளம் போட்டபோது இதைத்தான் செய்தார்கள். ஷெல்லுக்கு விளம்பர வாசகம் எழுதுங்கள் என்று ஒரு கருவி வைத்தார்கள். பனிக்கரடிப் படத்தின் மேல் பொதுமக்கள் எழுதிய நக்கல் வாசகங்கள்தான் தளத்தைச் சுமந்து சென்றன. ஷெல் தன் கையாலேயே சூனியம் வைத்துக்கொண்டது என்று நினைத்தவர்கள் ஏராளம்.

மூன்றாவது, நோஃபாலோ. 'இந்த லிங்கை வாக்காக எண்ணாதே' என்று தேடுபொறிக்குச் சொல்லும் இந்தக் குறிச்சொல் 2005 ஜனவரியில் கமென்ட் ஸ்பேமைத் தடுக்க வந்தது. இப்போது பல செய்தித்தளங்கள் வெளியே போகும் லிங்க் எல்லாவற்றிலும் இதைப் போட்டுவிடுகின்றன. 2019க்குப் பிறகு கூகுள் இதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு குறிப்பாக மட்டும் பார்க்கிறது என்பதால் முழு நஷ்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் 'ஐநூறு லிங்க் வந்தது' என்று வாடிக்கையாளருக்கு அறிக்கை கொடுக்கும் ஏஜென்சி, இதைப் பிரித்துக் காட்டாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

நான்காவதுதான் பெரியது. கேலித் தளம் தனி டொமைனில் இருந்தால் சேர்ந்த மதிப்பு அந்த டொமைனிலேயே கிடக்கும். அதைக் கடைக்கு, அதாவது பணம் பண்ணும் வியாபாரத் தளத்துக்கு, கொண்டுவர இரண்டு வழி பழக்கத்தில் உண்டு. ஒன்று ஃபூட்டர் லிங்க். ஆயிரம் லிங்க் வாங்கிய தளத்திலிருந்து ஒரே ஒரு லிங்க் என்றால் வந்து சேருவது வடிகட்டிய மிச்சம். இன்னொன்று, பரபரப்பு அடங்கியதும் டொமைன் முழுவதையும் 301 ரீடைரக்ட் (நிரந்தரத் திருப்பல்) போட்டுக் கடையின் முகப்புக்குத் திருப்புவது. இங்கேதான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். பூனைக் கேலிப் பக்கத்தை வீட்டுக்கடன் பக்கத்துக்குத் திருப்பினால் உள்ளடக்கத்தில் தொடர்பில்லை. இப்படிப்பட்ட ரீடைரக்டை கூகுள் சாஃப்ட் 404 ஆக, 'பக்கம் இல்லை' என்றே கணக்கில் எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். கேலியைத் தொடக்கத்திலிருந்தே சொந்த டொமைனின் ஒரு உள்பக்கத்தில் போடுவதுதான் லிங்க் கணக்குக்கு நல்லது. ஆனால் அப்படிப் போட்டால் முதல் நாளே யாருடைய வேலை என்று தெரிந்துவிடும், ஏமாற்று பலிக்காது. இந்த முரண்பாட்டுக்குத் தீர்வே இல்லை. ஏமாற்றை விட்டுவிட்டுக் கேலியை மட்டும் வைத்துக்கொள்பவர்கள்தான் இதிலிருந்து தப்பிக்கிறார்கள்.

அம்பலமான அன்று பதறிப்போய்ப் பக்கத்தை அழிப்பது இன்னொரு பொதுவான தவறு. வந்த லிங்க் எல்லாம் 404ல் போய் முட்டும். அதே முகவரியில், பழைய பக்கம் அப்படியே இருக்க, மேலே 'இது கேலி, இதனால் செய்தோம்' என்று நாலு வரி போட்டால் போதும். சர்வர் படுத்துவிடுவதும் அடிக்கடி நடக்கும். பகிர்வு ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ் போட்டுவைத்து, பெரிய செய்தித்தளம் ஒன்று லிங்க் கொடுத்த பத்தாவது நிமிடம் 503, அதாவது 'சேவை இல்லை', என்று காட்டினால், எழுத உட்கார்ந்த அடுத்த செய்தியாளர் தளத்தைப் பார்க்காமலேயே முதல் செய்தியை மேற்கோள் காட்டிவிட்டுப் போய்விடுவார். ஸ்டேட்டிக் எச்டிஎம்எல் பக்கமும் முன்னால் ஒரு சிடிஎன்னும் (பல சர்வர்களில் நகல் வைத்துப் பரிமாறும் சேவை) இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

திட்டி வரும் லிங்கும் லிங்க்தானே என்று கேட்பவர்கள் உண்டு. 2010 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஒரு கண்ணாடிக் கடைத் தளத்தைப் பற்றி எழுதியது. வாடிக்கையாளர்களை மிரட்டினால் அவர்கள் புகார்த் தளங்களில் எழுதுவார்கள், அந்த லிங்குகளால் தேடலில் மேலே வருகிறேன் என்று கடைக்காரர் பெருமையடித்திருந்தார். செய்தி வந்த சில நாட்களிலேயே, வாடிக்கையாளருக்கு மிக மோசமான அனுபவம் தரும் கடைகளைக் கீழே தள்ளும்படி அல்காரிதத்தை மாற்றிவிட்டோம் என்று கூகுள் அறிவித்தது. வசைபாடிச் சேர்த்த வாக்கு நிலைக்கும் என்று நம்ப இடமில்லை.

உண்மையான ஓர் அமைப்பின் முகத்தை அணிந்துகொள்ளும் தளங்கள் தனி ரகம். 1999ல் எஸ் மென் குழு காட்.ஆர்க் என்ற முகவரியில் உலக வர்த்தக அமைப்பின் தளம்போலவே ஒன்றை வைத்தது. காட் என்பது அந்த அமைப்பு உருவாவதற்கு முன்பிருந்த ஒப்பந்தத்தின் பெயர் என்பதால் முகவரி கச்சிதமாகப் பொருந்தியது. சியாட்டில் மாநாட்டுக்கு முன் உலக வர்த்தக அமைப்பே இதைக் கண்டித்து அறிக்கை விட, அதுவரை தெரியாதவர்களுக்கும் தெரிந்தது. இங்கே வந்த அறுவடையில் லிங்கைவிட மின்னஞ்சலுக்குத்தான் மதிப்பு. உண்மையான அமைப்பு என்று நினைத்து மாநாட்டுக்காரர்கள் அழைப்பு அனுப்பினார்கள், இவர்களும் போனார்கள்.

அதே குழு 2002ல் டவ் கெமிக்கல் பெயரில் ஒரு தளம் வைத்தது. யூனியன் கார்பைடை 2001ல் வாங்கியது டவ். போபால் விஷவாயுக் கசிவின் 20ஆம் ஆண்டு நெருங்கியபோது, டவ் தரப்பில் பேச ஆள் தேடிய பிபிசி அந்தப் போலித் தளத்தின் மின்னஞ்சலுக்கு எழுதிவிட்டது. 2004 டிசம்பர் 3 அன்று ஜூட் ஃபினிஸ்டெரா என்ற பெயரில் ஒருவர் நேரலையில் தோன்றி, போபாலுக்கு முழுப் பொறுப்பு ஏற்கிறோம், 12 பில்லியன் டாலர் இழப்பீடு தருகிறோம் என்றார். ஃபிராங்ஃபர்ட் சந்தையில் 23 நிமிடத்தில் டவ் பங்கு 4.24 சதவீதம் விழுந்தது, சுமார் 2 பில்லியன் டாலர் மதிப்பு போனது. போபாலில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பொய்யான நம்பிக்கை கொடுத்துவிட்டார்கள் என்ற கண்டனமும் வந்தது. அது நியாயமான கண்டனம்தான். இரண்டு ஆண்டு சும்மா கிடந்த ஒரு தளம் இந்த வேலையைச் செய்தது என்பதைக் கவனியுங்கள். தேடுபவர் கண்ணில் படும்படி அது தேடல் முடிவுகளில் இருந்தது, தொடர்பு முகவரி இருந்தது, அவ்வளவே.

பிறர் பெயரை எடுத்தால் சட்டம் குறுக்கே வரும். பீட்டா.ஆர்க் முகவரியை 1995ல் விலங்குரிமை அமைப்புக்கு முன்பே ஒருவர் பதிவுசெய்து, சுவையான மிருகங்களைத் தின்போர் சங்கம் என்று கேலித் தளம் நடத்தினார். அமெரிக்க நான்காம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001ல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கேலி என்றால் 'இது அது' என்பதும் 'இது அதுவல்ல' என்பதும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். முகவரியைப் பார்த்தால் முதல் பாதி மட்டும்தான் தெரிகிறது, இரண்டாம் பாதி தளத்துக்குள் நுழைந்த பிறகே தெரிகிறது என்றது நீதிமன்றம். இன்னொன்றும் அவருக்கு எதிராகப் போனது. இறைச்சி, தோல், வேட்டை தொடர்பான முப்பதுக்கும் மேற்பட்ட தளங்களுக்கு அவர் லிங்க் கொடுத்திருந்தார். அந்த லிங்குகளை வைத்தே நீதிமன்றம் அதை வணிகத் தொடர்புள்ள தளமாகக் கருதியது. ஃபூட்டரில் கடைக்கு லிங்க் வைப்பவர்கள் இதைப் படித்துவைப்பது நல்லது.

இந்தியாவில் கேலிக்கு இடமுண்டு. ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தை எதிர்த்து, டாடா சின்னத்தை வைத்து ஆமை விளையாட்டு ஒன்றை கிரீன்பீஸ் இணையத்தில் விட்டபோது, 2011ல் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது. ஆனால் இன்னொருவராக நடித்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு இருக்கிறது: 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். படிவம் வைத்துப் பெயர், எண் வாங்கினாலோ, நன்கொடை கேட்டாலோ, கேலி என்ற வாதம் அங்கேயே செத்துவிடும்.

கடைசியாக, டொமைன். கேலித் தளம் நடத்தியவர்கள் சில வருடம் கழித்துச் சலித்துப்போய்ப் புதுப்பிக்காமல் விடுவது வழக்கம். டாட் காம் போன்ற முகவரியைக் காலாவதியான பிறகும் அதிகபட்சம் 45 நாள் வரை சாதாரணமாகப் புதுப்பிக்கலாம். அதற்குப் பிறகு 30 நாள் கூடுதல் கட்டணத்தோடு மீட்கலாம். அடுத்த 5 நாளில் முகவரி விடுபட்டு யாருக்கும் கிடைக்கும். முகவரியைப் பதிவுசெய்து தந்த நிறுவனம் இடையிலேயே ஏலம் விட்டுவிடுவதும் உண்டு. பள்ளிகளும் பத்திரிகைகளும் கொடுத்த பழைய லிங்குகள் அப்படியே இருப்பதால், இப்படி விடுபடும் முகவரிகளுக்காகவே காத்திருக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. பாடக் குறிப்பில் இருக்கும் லிங்கை ஒரு மாணவன் அழுத்தினால் சூதாட்டத் தளம் திறக்கும். இதைக் காலாவதி டொமைன் முறைகேடு என்று கூகுள் 2024 மார்ச்சில் தன் ஸ்பேம் கொள்கையில் தனியாகச் சேர்த்தது. ஆனால் அது தேடல் முடிவில் இருந்துதான் நீக்கும், ஆசிரியரின் பாடக் குறிப்பில் இருந்து நீக்காது. ஒரு முகவரியை ஒரே தடவையில் 10 ஆண்டுக்கு மேல் பதிவு செய்ய முடியாது என்பதால், கேலி ஓய்ந்த பிறகும் யாராவது ஒருவர் நாட்காட்டியில் குறித்துவைத்துக் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.